தங்கவயலிலிருந்து தில்லைக்கு

சிதம்பரம் ஓமக்குளத்தருகே உள்ள நந்தனார் மடத்தை அறிந்தோர் பலர். அதனை நிறுவிய சுவாமி சகஜானந்தர் இளமையில் கோலார் தங்கவயலில் வாழ்ந்ததை அறிந்தோர் சிலரே. துறவியரின் பூர்வாசிரமத்தை இரண்டு வரியில் முடித்துவிடுவது நம் வரலாற்றாசிரியர்களின் வழக்கம். இவரைப் பொறுத்தவரை அது பெரும்பிழை.

1890இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார், இயற்பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் கிறித்தவ சமயத் தொண்டர்கள் நடத்திய பள்ளியில் பயின்றார். மதம் மாற இசையாமையால் படிப்பு நின்றது. பெற்றோர் பிழைப்புத் தேடிச் சென்றிருந்த தங்கவயலுக்குச் சிறுவனும் போய்ச் சேர்ந்தான்.

மைசூர் சமஸ்தானத்து எல்லைக்குள் இருந்த அச்சுரங்கங்களை ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலக் கம்பெனி நடத்திவந்தது. பூமிக்கடியில் இறங்கிப் பாறை உடைத்தோரில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுச் சேரிகளை விட்டுச் சென்ற தமிழர். தட்டி வேய்ந்த வரிசைக் குடிசைகளே அவர்தம் இல்லங்கள். பாறைச் சரிவு உயிர்களைப் பலிகொண்டது. கல்தூசு நுரையீரலை அரித்தது. எனினும், கூலி காசாகக் கைக்கு வந்தது. ஆண்டையின் களத்துமேட்டில் நெல்லுக்காகக் காத்து நிற்கும் நிலை அங்கு இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை தோன்றியதும், தமிழ் அச்சகமும் இதழும் பின்னாளில் அம்மண்ணில் தழைத்ததும் தற்செயலன்று.

இவ்விடத்தில் கவிஞர்கள் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. சேக்கிழாரின் நந்தனாருக்கு ஆண்டை இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், தில்லை செல்ல விடைகேட்டு வேதியர்முன் நிற்கும் பண்ணையாளாக அவரைப் படைத்தார். வட ஆர்க்காட்டு உழைப்பாளர் சுரங்கத்துக்குப் புறப்பட்டதும் ஏறத்தாழ அந்நூற்றாண்டின் இறுதியிலேதான். அவ்வாறு புறப்பட்டோரின் மகன் பின்னர் நந்தன் பெயரால் மடம் கண்டார்.

சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகிச் சகஜானந்தர் என்னும் பெயர் பெற்று, 1910இல் சிதம்பரம் வந்தார். கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் சிதம்பர வட்டம் நெல்விளையும் பூமி. பண்ணையாட்களின் பிள்ளைகள் மாடு மேய்க்கும் பூமியும் அதுவே. 1916இல் நந்தனார் பள்ளி தொடங்கிற்று. எழுத்துமட்டும் போதாது, சோறும் உறைவிடமும் வேண்டும் என்பதால் விடுதியும் உடன் வளர்ந்தது. காவியுடையோடு சட்டமன்றத்தில் நெடுங்காலம் அமர்ந்தார். மடத்திலிருந்தபடி மன்றம் புகுவதைக் குறை கூறியோர் உண்டு. பள்ளிக்குப் பணம் தேடி அலைந்தவருக்கு அக்குறை பொருட்டாக இருந்திருக்க வழியில்லை.

1959இல் அவர் மறைந்தார். தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அவர் தொடங்கிய பள்ளி, பின்னர் அரசின் பொறுப்பில், நந்தனார் பெயரிலேயே தொடர்ந்தது.