மதுரையில் பிறந்த தருக்க மேதை

அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று நம் மதுரையில் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தைக்கு வலக்கண் பார்வை போயிற்று. ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்து சென்றவர் பின்னர் இம்மண்ணை மிதிக்கவில்லை. எனினும் தில்லி ஆசிரியர் ராமச்சந்திரரின் கணித நூலை 1859 இல் இலண்டனில் முன்னுரையுடன் வெளியிட்டு இந்நாட்டை நினைவு கூர்ந்தார்.

1847 இல் அவர் எழுதிய தருக்க நூலின் பயனை நம் செஞ்சியைக் கொண்டே பார்ப்போமா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, கலியாண மகால், வேங்கடரமணர் கோயில் ஆகிய ஐந்தில் மூன்றைச் சுற்றுலாவுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கலாகாது. ராஜகிரி ஏறினால் கலியாண மகாலையும் பார்க்க வேண்டும். சந்திரகிரிக்குச் சென்றால் கிருஷ்ணகிரிக்கும் செல்ல வேண்டும். கலியாண மகாலைப் பார்த்தால் கோயிலை விட்டுவிட வேண்டும்.

முதல் விதியைக் கண்டதும் நம்மில் பலர் இரு மலைகளையுமே நீக்கி விடுகிறோம். டி மார்கன் விதிப்படி, இரண்டும் சேரக்கூடாது என்றால் ஒன்றாவது விடுபட வேண்டும் என்பதே பொருள். இரண்டும் வேண்டாம் என்பது வேறு செய்தி. மூன்றாம் விதியிலும் வழுக்கல் உண்டு. கிருஷ்ணகிரிக்குச் சென்றால் சந்திரகிரிக்கும் போக வேண்டும் என்று அது கூறவில்லை. கிருஷ்ணகிரி இல்லையேல் சந்திரகிரி இல்லை என்றுதான் ஆகிறது.

இனி, எல்லாரும் விரும்பும் ராஜகிரியை எடுப்போம். கிருஷ்ணகிரி போயிற்று, அதனால் சந்திரகிரியும் போயிற்று. மகால் வந்தது; கோயில் போயிற்று. மிஞ்சியவை இரண்டே! ஆகவே ராஜகிரிக்கு இடமில்லை. கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் உறுதி. மூன்றாவதாக மகாலோ கோயிலோ, விருப்பம்போல்.

கேம்பிரிட்ஜில் அவரையே ஒரு நிபந்தனை மறித்தது. எம்.ஏ. பட்டம் வேண்டுமானால் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். அந்நாளில் கத்தோலிக்கருக்கும் அங்கே பட்டமில்லை. 1827 இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றிருந்தும் அவர் கையொப்பமிட மறுத்தார். பட்டமும் கல்லூரிப் பதவியும் கை நழுவின. சமயச் சோதனை இல்லாத புதிய இலண்டன் பல்கலைக்கழகம் 1828 இல் இருபத்தொரு வயது இளைஞரைப் பேராசிரியராக்கியது. முதல் கணினி நிரலை எழுதியவராகப் பலராலும் போற்றப்படும் அடா லவ்லேஸ் அம்மையாருக்கு 1840 முதல் கடித வழியே உயர்கணிதம் கற்பித்தவரும் இவரே. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் அது!

வேடிக்கையும் அறிந்தவர். தம் வயதை அதே எண்ணால் பெருக்கினால் அவ்வாண்டு வரும் என்பார். 1849 இல் அவருக்கு 43.

1866 இல் அக்கல்லூரியே ஒருவருக்குச் சமயம் காரணமாகப் பதவி மறுத்தது. தமக்கு நேராத அநீதிக்காக டி மார்கன் பதவி விலகினார். மறு ஆண்டு கணித அறிஞனான மகன் ஜார்ஜ் இறந்தான். அவர் உடல் தளர்ந்தது. 1871 மார்ச் 18 அன்று காலமானார். பல்கலைக்கழகங்களில் எஞ்சியிருந்த சமயச் சோதனையை நீக்கும் சட்டம் அவ்வாண்டு ஜூனில் நிறைவேறியது.