தட்டில் அடங்காத காஞ்சிக் குரல்

பட்டு நெய்யும் காஞ்சியிலே பாட்டு நெய்தவர் ஒருவர் வாழ்ந்தார். தறியிலே விளைந்த பட்டு திசையெங்கும் சென்றது. அவர் தொண்டையிலே விளைந்த இசையோ, கேட்டவர் காதோடு நின்றது! காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை, இயற்பெயர் சுப்பிரமணியம், 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர். அவர் குரல் பதிந்த இசைத்தட்டு ஒன்றுகூட இல்லை. அழைப்பாரில்லாத காரணத்தாலா? அல்ல, தோழர்களே! தட்டுக்குப் பாட அவர் இசையவில்லை.

இசைவேளாளர் குடியிலே பிறந்தவர். அன்னை காமாட்சி அம்மாளும், அன்னையின் உடன்பிறந்த தனக்கோடி அம்மாளும் பெயர் பெற்ற பாடகியர். அந்தக் குடியின் பாட்டுக்குப் பந்தலிலே முதலிடம். பாடியவருக்கோ ஊரிலே கடையிடம்! அப்படிப்பட்ட காலத்திலேதான் நயினாப் பிள்ளை நிமிர்ந்து நின்றார். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று தாளப் படையையே மேடையில் அமர்த்திக்கொண்டு பாடினார். உயர்நீதிமன்றத்து நீதிபதிகள் வரிசையாக அமர்வதுபோல் என்று, அதற்கு ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே பெயர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கஞ்சிரா எதிரே முழங்க, கணக்கு தவறாமல் பல்லவி பாடுவார். தெலுங்குக் கீர்த்தனைகள் கோலோச்சிய மேடையிலே, சிக்கலான தாளங்கள் கொண்ட திருப்புகழை ஏற்றி, தமிழின் நடையழகைக் காட்டினார்.

இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவு 1902இல் தொடங்கிவிட்டது. அந்நாளைய தட்டில் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடம். மணிக்கணக்கில் விரியும் பல்லவியை அதற்குள் எப்படி மடிப்பது? முழுச் சேலையை முழத்துண்டாக வெட்டித்தா என்றால், எந்த நெசவாளி இசைவான்? விற்பனைக்கு ஏற்ற அளவைக் கம்பெனி வகுத்தது. கலைக்கு ஏற்ற அளவைக் கலைஞன் வகுத்தான்.

தட்டுக்குத் தராததை மாணவருக்குத் தந்தார். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவரிடம் பயின்றார். வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா, காஞ்சிக்கு வந்து பாடம் கேட்டார். அவ்வூர்ச் சிறுமி பட்டம்மாள் அவர் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்து, பெண்ணுக்குப் பல்லவி எதற்கு என்றோர் வாயடைய, மேடையில் பல்லவி பாடினார். குடி எது, குலம் எது என்று இசை கேட்கவில்லை!

ஆயினும் இழப்பு இழப்புத்தான். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938இல் பிறந்தது. அவர் மறைந்து நான்காண்டு கழிந்த பின்! பிற்காலத்து வித்துவான்கள் பலரின் நெடுங்கச்சேரிகள் அந்த அரசு நிலையத்தின் ஒலிநாடாக்களிலே வாழ்கின்றன. நயினாப் பிள்ளைக்கு அந்தப் பேறு இல்லை.

இன்று கருவிக்குப் பஞ்சமில்லை; மூன்று நிமிடக் கட்டும் இல்லை. கோயில் வாசலிலே நாகசுரம் ஊதும் முதியவர், தவில் தட்டும் பெரியவர், ஓதுவார், கூத்துப் பாடகர் இன்னும் இருக்கிறார்கள். விற்குமா என்று பார்ப்பது வணிகனின் வேலை. வாழுமா என்று பார்ப்பது அரசின் கடமை. அவர்கள் பாட்டை வெட்டாமல், சுருக்காமல், முழுதாகப் பதிவு செய்யட்டும். மறைந்தபின் மாலை சூட்டுவதைவிட, இருக்கும்போதே காது கொடுப்பது மேல்!