எல்லைகள் மாறினாலும்...



நம் பெரியவர்களைக் கேட்டால், தாங்கள் திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் வாக்களித்ததாகச் சொல்வார்கள். தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், சாத்தான்குளம், திருச்செந்தூர், நாங்குநேரி, ராதாபுரம் ஆகிய ஆறும் சேர்ந்த அத்தொகுதி 1977, 1980, 1984 தேர்தல்களில் ஆறுமுகநேரி கே.டி. கோசல்ராம் அவர்களைத் தேர்ந்தெடுத்தது.

விடுதலைப் போராட்ட வீரரான அவர், மணிமுத்தாறு அணைக்காக அயராது உழைத்தவர். அந்த அணையின் கால்வாய் நம் வறண்ட தேரிப் பகுதியின் குளங்களை நாடி வந்தது. 1985இல், உறுப்பினராக இருந்தபோதே அவர் காலமானார்.

2008 மறுசீரமைப்பில் அவருடைய தொகுதி மறைந்தது. கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் சேர்ந்து தூத்துக்குடித் தொகுதி உருவாகி, 2009இல் முதல் தேர்தலைக் கண்டது. ராதாபுரமும் நாங்குநேரியும் திருநெல்வேலியோடு இணைந்தன. இதனால் மணப்பாட்டு மீனவர் ஓர் உறுப்பினரிடமும், உவரி, இடிந்தகரை மீனவர் வேறோர் உறுப்பினரிடமும் முறையிட வேண்டியுள்ளது. கடலும் கவலையும் ஒன்று. மூன்று ஊர்களும் நம் மறைமாவட்டப் பங்குகளே.

ஆகவே ஒரே கோரிக்கையை இரு உறுப்பினரிடமும் ஒன்றாய் எடுத்துச் செல்வோம். தொகுதியின் பெயர் அழிந்தாலும் கோசல்ராம் பெயர் நிலைப்பது, அவர் மக்களுக்காக உழைத்ததால்தான். அத்தகைய மனம் நம் பிரதிநிதிகளுக்குக் கிடைக்கச் செபிப்போம்.