கம்பெடுத்த கரம்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில், திருவிழா என்றால் சிலம்பம் சுழலும். பார்த்திருக்கிறோம், பரவசப்பட்டிருக்கிறோம். காசில்லாதவனும் கற்கலாம் அக்கலையை. கருவி ஒரு மூங்கில் கம்பு, களம் ஊர்ப் பொட்டல். அந்தக் கம்பைக் காதலித்த ஒருவர் கோட்டையில் முதலமைச்சராகவும் அமர்ந்தார். ஆம், எம்.ஜி.ஆர்.தான்!

1917-ல் இலங்கையில், கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தை மறைந்தார். தாய் சத்தியபாமா பிள்ளைகளுடன் கும்பகோணம் வந்தார். மூன்றாம் வகுப்போடு முடிந்தது படிப்பு. காரணம்? வயிறு! சோறு கிடைக்குமென்றுதான் அண்ணன் சக்கரபாணியுடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஆடவும் பாடவும் பழக்கிய கம்பெனி, வாள் பிடிக்கவும் பழக்கிற்று.

அழகு முகத்தால் உயர்ந்தார் என்பர் சிலர். அந்த முகத்துக்கு 1936-ல் சதிலீலாவதியில் கிடைத்தது சிறு வேடம். கதாநாயகனாக, ராஜகுமாரி வெளிவர 1947 ஆயிற்று. பதினோராண்டுக் காத்திருப்பு! சோர்ந்தாரில்லை, உடலை உரமாக்கினார். 1956-ல் தாய்க்குப்பின் தாரத்தில் கம்பு சுழன்றது. அதே ஆண்டு மதுரை வீரனில் வாள் மின்னியது. 1958-ல் நாடோடி மன்னன் வெற்றிக்கு மதுரை விழா எடுத்தது. தங்க வாளும் வழங்கியது.

மறு ஆண்டே சோதனை! சீர்காழியில் நாடகச் சண்டைக் காட்சி. கனத்த உடம்புக்காரரான குண்டுமணியைத் தூக்கியபோது கால் முறிந்தது. இனி சண்டைக் காட்சி ஏது என்றனர், மீண்டும் வந்தார். 1967 சனவரியில் எம்.ஆர்.ராதாவின் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்தது. குரல் கெட்டது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவரைப் பரங்கிமலை மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். அதன் பிறகு, ஐம்பது வயதைக் கடந்து, 1971-ல் ரிக்‌ஷாக்காரனில் ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே சிலம்பம் சுழற்றினார். உழைப்பவனின் வண்டி, உழைப்பவனின் ஆயுதம்! கொட்டகையில் விசில் பறந்ததில் வியப்பென்ன?

கம்பு வீசத் தெரிந்தவனெல்லாம் ஆட்சி நடத்துவான் என்று நாம் சொல்ல வரவில்லை. அடி வாங்கியும் களத்தை விட்டு விலகாத பழக்கம் அவருக்கு அரசியலிலும் உதவிற்று என்கிறோம். 1972-ல் தனிக் கட்சி கண்டார், 1977-ல் முதல்வரானார். 1980 பிப்ரவரியில் ஆட்சி கலைக்கப்பட்டது. மதுரை மேற்கில் நின்றார், வென்றார், சூனில் மீண்டும் முதல்வரானார். சோற்றுக்காகப் பள்ளியை விட்டவர், 1982-ல் பள்ளியிலேயே சோறு போட்டார். சத்துணவுத் திட்டம் அது.

1984-ல் உடல் நலிந்து அமெரிக்க மருத்துவமனையில் கிடந்தார். பிரசாரத்துக்கு வரவே இல்லை. அன்றைய மதுரை மாவட்டத்து ஆண்டிப்பட்டி அவரையே வெற்றி பெறச் செய்தது. நோயோடு மேலும் மூன்றாண்டு போராடி, 1987 டிசம்பர் 24-ல் ஓய்ந்தார். வயது எழுபது.