ஜோசையா மார்சல் ஹீத்

ஜோசையா மார்சல் ஹீத் (இறப்பு: 1851) ஓர் ஆங்கிலேய உலோகவியலாளரும் தொழில் முனைவோரும் ஆவார். பரங்கிப்பேட்டை இரும்பாலையை நிறுவியவர் இவரே. எஃகு உருக்குதலில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இம்முறையால் செபீல்டு நகர எஃகுத் தொழில் பெரும் பயன் அடைந்தது. ஹீத்துக்கு அதில் உரிய பங்கு கிடைக்கவில்லை.

சேலத்தில்

ஹீத் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை ஆட்சிப்பணியில் சேர்ந்து, சேலத்தில் வணிக அதிகாரியாகப் பணியாற்றினார். சேலம் நகருக்கு வடக்கே ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையும், தென்மேற்கே கஞ்சமலையும் உள்ளன. கஞ்சமலையில் காந்த இரும்புக் கனிமம் மிகுதி. இதைக் கொண்டு உள்ளூர்க் கொல்லர்கள் இரும்பும் உருக்கும் செய்து வந்தனர். அவர்களது முறையை ஹீத் 1830களில் எழுதிய கட்டுரையில் விவரித்துள்ளார். தேனிரும்புத் துண்டுகளையும் உலர்ந்த ஆவாரை மரத் துண்டுகளையும் களிமண் மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி கொண்டு சில மணி நேரம் ஊதுவர். மூசை ஆறியபின் அடியில் உருக்குக் கட்டி கிடைக்கும்.

பரங்கிப்பேட்டை இரும்பாலை

ஐரோப்பிய முறையில் இரும்பு செய்ய விரும்பிய ஹீத், கம்பனியிடம் கடனும் சிறப்புரிமையும் பெற்று, 1830 ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார். சேலத்துக் கனிமம் ஆற்று வழியே பரிசல்களில் கொண்டுவரப்பட்டு, மரக்கரியால் உருக்கப்பட்டது. இரும்பு தரமாக இருந்தும் ஆலை இலாபம் ஈட்டவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, செபீல்டில் எஃகுத் தொழிலில் ஈடுபட்டார்.

மூசைக்குள் நிகழ்வது

ஓர் உலோகக் கலவை எந்த வெப்பநிலையில், எந்த விகிதத்தில், எந்த நிலைமையில் இருக்கும் என்பதைக் காட்டும் படம் நிலைமை வரைபடம் எனப்படும். இரும்பு-கரிம வரைபடத்தின்படி தூய இரும்பு 1538 பாகை செல்சியசில் உருகும். கரிமம் கூடக் கூட உருகுநிலை குறைந்து, 4.3 விழுக்காட்டில் 1147 பாகை ஆகிறது. ஆவாரை மரமும் எருக்கிலையும் அளித்த கரிமமே கொல்லரின் உலையில் இரும்பை உருகச் செய்தது. ஆறும்போது மிகுதிக் கரிமம் சிமெண்டைட்டு என்னும் கடினமான இரும்புக் கார்பைடாகப் பிரிகிறது. 727 பாகைக்குக் கீழே எஞ்சிய இரும்பும் மென்மையான பெரைட்டாகவும் சிமெண்டைட்டாகவும் மாறுகிறது.

மாங்கனீசின் பணியையும் இவ்வாறே விளக்கலாம். இரும்பில் உள்ள கந்தகம் இரும்புச் சல்பைடாகிறது. அது இரும்புடன் சேர்ந்து 988 பாகையிலேயே உருகும் கலவையாகி, படிகமணிகளின் எல்லைகளில் தங்குகிறது. அத்தகைய எஃகைக் காய்ச்சி அடித்தால் வெடித்துவிடும். மாங்கனீசு சேர்த்தால் கந்தகம் அதனுடன் இணைந்து, 1600 பாகைக்கு மேல் உருகும் மாங்கனீசுச் சல்பைடாகிவிடும். எஃகு அடிக்குத் தாங்கும். இதனால், விலையுயர்ந்த சுவீடன் இரும்பை மட்டும் நம்பியிராமல், மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு செய்ய முடிந்தது.

வழக்கு

ஹீத்தின் காப்புரிமை மாங்கனீசுக் கார்பைடைச் சேர்ப்பதை மட்டுமே குறிப்பிட்டது. மாங்கனீசு ஆக்சைடையும் கரிமப் பொருளையும் தனித்தனியே மூசையில் இட்டாலும் அதே பயன் கிட்டும் என்பது பின்னர் தெரியவந்தது, இது மலிவானதும்கூட. ஹீத்தின் முகவராக இருந்த அன்வின் இவ்வழியைக் கையாண்டு, உரிமத் தொகை தர மறுத்தார். கார்பைடு மூசைக்குள் உருவாகிறது, எனவே இதுவும் தம் முறையே என்பது ஹீத்தின் வாதம். உருகும் எஃகுக்குள் நிகழ்வதை உறுதியாகக் காட்டும் அறிவியல் அன்று இல்லை. வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது. அது முடியும் முன்பே, 1851 ஆம் ஆண்டில் ஹீத் காலமானார். 1855 ஆம் ஆண்டில் பிரபுக்கள் அவை, அன்வின் காப்புரிமையை மீறவில்லை எனத் தீர்ப்பளித்தது.

தாக்கம்

1856 ஆம் ஆண்டில் பெசமர் எஃகின் குறையைப் போக்க இராபர்ட் முசெட் மாங்கனீசையே பயன்படுத்தினார். கிப்சின் நிலைமை விதி 1870களிலும், இராபர்ட்சு-ஆசுட்டினின் இரும்பு-கரிம வரைபடம் 1897 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இன்றும் பெரும்பாலான எஃகு வகைகளில் மாங்கனீசு சேர்க்கப்படுகிறது.