பெயர் கேட்காத பிள்ளைப்பேற்று மனை: மருத்துவர் சக்ஸ்தோர்ப்பின் வாழ்வு

டென்மார்க்கின் மேற்கு யூட்லாந்துப் பகுதியில் ஹேர்னிங், ஹொல்ஸ்ரெப்ரோ முதலிய நகரங்களில் 1980களிலிருந்து எம்மவர் பலர் வாழ்ந்து வருகின்றனர். ஹொல்ஸ்ரெப்ரோவுக்கு அண்மையில் மைருப் என்றொரு சிற்றூர் உண்டு. டேனிஷ் மகப்பேற்று மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மத்தியாஸ் சக்ஸ்தோர்ப் அவ்வூரிலேயே 1740ஆம் ஆண்டு பிறந்தார். தரங்கம்பாடிக் கோட்டையில் டேனிஷ் கொடி பறந்த காலம் அது.

அந்நாளில் பிள்ளைப்பேறு வீடுகளிலேயே நிகழ்ந்தது. மருத்துவமாதர் தேர்வு பெற்றே தொழில் புரிய வேண்டுமென 1714இல் அரசாணை பிறந்திருந்தபோதிலும், நாட்டுப்புறங்களில் அது முற்றாக நடைமுறைக்கு வரவில்லை. கொப்பன்ஹேகனில் 1757இல் பிரெடெரிக் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1761 முதல் பேராசிரியர் பேர்கர் அந்நகரில் பிரசவ மருத்துவத்தை முறையாகக் கற்பித்தார். அவரிடம் பயின்றவர் சக்ஸ்தோர்ப். 1772இல் அரசவைப் பூசலில் சிக்கிப் பேர்கர் தலைநகரை விட்டு நீங்க நேர்ந்தது. அதன்பின் அப்பணி மாணவரின் தோளில் விழுந்தது.

சக்ஸ்தோர்ப்பின் நெறி பொறுமை. இயற்கை தன் வேலையைச் செய்ய இடமளிக்க வேண்டும், தேவை நேர்ந்தாலன்றிக் கருவிகளை எடுத்தலாகாது என்பது அவர் கொள்கை. தாயின் அருகே நீண்ட நேரம் இருப்பவர் மருத்துவரல்லர், மருத்துவமாதே என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே, இலத்தீனில் எழுதிய அந்த அறிஞர் மருத்துவமாதருக்கெனத் தாய்மொழியாகிய டேனிஷ் மொழியிலும் பாடநூல் இயற்றினார். பிற்காலத்தில் மானிப்பாயில் மருத்துவர் கிறீன் பிரசவ வைத்திய நூலைத் தமிழில் வெளியிட்டதை இங்கு நினைவுகூரலாம்.

1785இல் அரசகுலத்தின் ஆதரவுடன் தனியானதொரு மகப்பேற்று நிறுவனம் உருவாகி, 1787இல் அமாலியகேட் வீதியில் இயங்கலாயிற்று. அதன் தலைமை மருத்துவராகச் சக்ஸ்தோர்ப் விளங்கினார். மணமாகாத பெண்கள் தம் பெயரையோ குழந்தையின் தந்தை பெயரையோ கூறாமலே அங்கு பிள்ளை பெறலாம். இதன் அருமையை அறிய அக்காலச் சட்டத்தை நோக்க வேண்டும். மறைவில் பிள்ளை பெற்று அதனைக் கொன்ற மணமாகாத் தாய்க்கு 1683ஆம் ஆண்டுச் சட்டம் மரண தண்டனை விதித்தது. அச்சத்தால் தனிமையில் பிரசவித்தவளுக்கு அம்மனை ஒரு கட்டிலையும், பயிற்சி பெற்ற கைகளையும் அளித்தது.

குறைகள் இல்லாமலில்லை. ஏழைப் பெண்களின் உடலிலேயே மாணவர் தொழில் கற்றனர். கிருமிகளைப் பற்றிய அறிவு தோன்றாத அக்காலத்திலும், பின்னர் பல்லாண்டுகளும், பிரசவக் காய்ச்சல் அங்கு தாய்மார் பலரைப் பலிகொண்டது. 1800இல் சக்ஸ்தோர்ப் காலமானார். மகன் யொஹான் சில்வெஸ்டர் தந்தையின் பணியைத் தொடர்ந்தார். அந்நிறுவனம் 1910இல் றிக்ஸ் மருத்துவமனையோடு இணைந்தது.

இவ்வரலாற்றை நாம் இங்கு கூறுவதற்குக் காரணம் உண்டு. 1987இல் நீதியமைச்சர் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவைத் தடுத்து வைத்தார். அவ்விவகாரத்தால் 1993இல் அரசே பதவி துறந்தது. பிரிந்திருந்து பிந்தி வந்து சேர்ந்த எம் பெண்கள் பலர் தாயோ தமக்கையோ அருகில்லாமல், மொழி விளங்காத அறையில் பிள்ளை பெற்றனர். ஊரில் பத்துப் பேர் சூழ்ந்து செய்ததை இங்கு ஒரு மருத்துவமாது தனித்துச் செய்ய வேண்டியதாயிற்று. அவள் கையைப் பற்றிக்கொண்டாளா, கடிந்துகொண்டாளா என்பதைத் தாய் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை.

டேனிஷ் மொழியில் மருத்துவமாதுவை யோர்டமோர் என்பர். அச்சொல்லை அப்படியே பெயர்த்தால் மண்தாய் என்றாகும். கருவுற்ற எம் சகோதரியர் அவரிடம் தம் அச்சங்களைத் தயங்காது கூறுவார்களாக. மொழி தெரியாதோர் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்களாக. பெயரே சொல்லாத பெண்ணுக்கும் இந்நாடு ஒருகாலத்தில் பரிவு காட்டியது. பெயர் சொல்லி வந்து நிற்கும் நாம் அப்பரிவை எதிர்பார்ப்பது மிகையாகாது.