ஜெயிலுக்குள் தேடி வந்தது சேர்மன் பதவி. வெளியே வந்ததும் உதறினார் காமராஜர்!

குழாயில் தண்ணீர் வரவில்லையா? தெருவிளக்கு எரியவில்லையா? பட்டாசு ஆலைக்குப் போகிற ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறதா? வெம்பக்கோட்டை சுற்றுவட்டார ஜனங்கள் காலிக்குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிற இடம் யூனியன் ஆபீஸ்தான்.

அந்த யூனியன் ஆபீஸ் எப்படி வந்தது என்பது இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. அதைக் கொண்டுவந்த ஆட்சிக்குத் தலைவர், பக்கத்து விருதுநகர்க்காரரான காமராஜர். வேடிக்கை என்னவென்றால், நகராட்சி சேர்மன் பதவி தானாகத் தேடி வந்தும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

1903-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி பிறந்தார். அப்போது ஊருக்குப் பெயர் விருதுபட்டி. தகப்பனார் குமாரசாமி, தேங்காய் வியாபாரி. பையனுக்கு ஆறு வயது இருக்கும்போதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தாயார் சிவகாமி அம்மாள் நகைகளை விற்றுத்தான் குடும்பம் ஓடியது.

படித்தது க்ஷத்திரிய வித்தியாசாலையில். வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போடுவார்கள். அந்தப் பிடி அரிசியைச் சேர்த்து விற்ற காசில் நடந்த பள்ளிக்கூடம் அது. சர்க்காரை எதிர்பார்க்காமல் ஊரே சேர்ந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த கதை. ஆறாவதோடு படிப்பு நின்றது. தாய்மாமன் கருப்பையாவின் ஜவுளிக்கடையில் போய் உட்கார்ந்தார். கண் கடையில் இருந்தாலும் காது தெருமுனைக் கூட்டத்தில்தான் இருந்தது.

பிறகு காங்கிரஸ், மறியல், ஜெயில். 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்துக்குப் போய் அலிப்பூர் ஜெயிலில் கிடந்தார். 1933-ல் அவரை ஒரு வெடிகுண்டு வழக்கிலும் இழுத்துவிட்டார்கள். வெடிமருந்துக்குப் பேர்போன இந்தப் பக்கத்தில் அவர் மேலேயும் ஒரு குண்டு வழக்கு! குற்றம் நிற்கவில்லை. விடுதலையானார். 1937-ல் சாத்தூரில் போட்டியே இல்லாமல் எம்.எல்.ஏ. ஆனார்.

வேலூர் ஜெயிலில் சேர்மன்

1940-ல் தமிழ்நாடு காங்கிரசுக்குத் தலைவரானார். அந்த வருஷ டிசம்பரில், தனிநபர் சத்தியாக்கிரகத்துக்கு ஆள் பட்டியலைக் காந்தியிடம் காட்ட வார்தாவுக்கு ரயிலில் போனபோது, குண்டூரில் வைத்துப் பிடித்து வேலூர் ஜெயிலில் போட்டார்கள்.

அவர் கம்பிக்குள் இருக்கும்போதே 1941 மே 31-ந் தேதி விருதுநகர் நகராட்சிக் கவுன்சில் அவரைச் சேர்மனாகத் தேர்ந்தெடுத்தது. ஊருக்கு ஒரே பெருமை. நம்ம ஊர்ப் பையன் ஜெயிலில் இருந்தபடியே சேர்மன் ஆகிவிட்டான் என்று பேச்சு.

நவம்பரில் வெளியே வந்தார். மாலை மரியாதைக்குக் காத்திருக்கவில்லை. நேரே நகராட்சி ஆபீசுக்குப் போனார். ராஜினாமாவைக் கொடுத்தார்! முழு நேரம் பார்க்க முடியாத பதவியை வைத்துக்கொள்வது சரியல்ல என்பது அவர் கட்சி.

இன்றைக்கு யாராவது இப்படிச் செய்வார்களா? பெயருக்குச் சேர்மனாக இருந்துகொண்டு, வைஸ் சேர்மனிடம் வேலையைத் தள்ளிவிட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சாக்கடை அடைத்துக்கொண்டால் கட்சி மாநாடு முடியட்டும் என்று காத்திருக்காதே. அவர் கணக்கு தப்பவில்லை. 1942 ஆகஸ்டு போராட்டத்தில் மறுபடி உள்ளே போனவர் 1945-ல்தான் வெளியே வந்தார். பதவியைப் பிடித்துக்கொண்டிருந்தால் விருதுநகர் சேர்மன் நாற்காலி மூன்று வருஷம் காலியாகக் கிடந்திருக்கும்.

மதுரைக்கு நடையாய் நடந்த காலம்

1954 ஏப்ரலில் முதல்-மந்திரி ஆனார். 1957, 1962 தேர்தல்களில் நின்று ஜெயித்தது வெம்பக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள சாத்தூரில்.

அப்போது இந்தப் பகுதி ராமநாதபுரம் ஜில்லா. ஆனால் கலெக்டர் ஆபீஸ் இருந்ததோ மதுரையில்! கரிசல்காட்டு விவசாயி ஒரு மனு கொடுக்க, ஜில்லாவைத் தாண்டிப் போய்வர வேண்டும். ஊருக்குக் கிணறு வேண்டுமென்றால் ஜில்லா போர்டு கண் திறக்க வேண்டும்.

1958-ல் காமராஜர் ஆட்சி பஞ்சாயத்துச் சட்டம் கொண்டுவந்தது. 1960, 61-ல் கட்டம் கட்டமாக யூனியன்கள் வந்தன. ராஜ்யம் முழுக்க 370-க்கும் மேல். ஜில்லா போர்டுகள் மூட்டை கட்டின. குடிதண்ணீர்க் கிணறு, தெருவிளக்கு, ரோடு, சாக்கடை, சுடுகாடு எல்லாம் கிராமப் பஞ்சாயத்தின் கட்டாய வேலை என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஆரம்பப் பள்ளிகள் யூனியன் வசம் வந்தன. ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் 1956-ல் தொடங்கிய மதியச் சோறும் அங்கே வெந்தது. ஆறாவதோடு கடைக்குப் போனவருக்கு அதன் அருமை தெரியாதா என்ன!

தாயார் வீட்டுக் குழாய்

முதல்-மந்திரியின் தாயார் விருதுநகரில் சின்ன வீட்டில்தான் இருந்தார். செலவுக்கு மகன் அனுப்பியது மாதம் 120 ரூபாய். தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த ஊர். தெருக்குழாயில்தான் எல்லோரும் குடம் வைத்து நிற்க வேண்டும். முதல்-மந்திரி வீட்டு அம்மாள் தண்ணீருக்குக் கஷ்டப்படுகிறாரே என்று, வீட்டுக்குள்ளேயே தனிக் குழாய் இழுத்துக் கொடுத்துவிட்டார்கள். விஷயம் காமராஜர் காதுக்குப் போனது. வந்ததே கோபம்! தெருவில் மற்ற வீட்டுக்கெல்லாம் இல்லாத குழாய் தன் வீட்டுக்கு மட்டும் எதற்கு என்று கேட்டு, அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். விருதுநகரில் இந்தக் கதையைச் சொல்லாத டீக்கடை கிடையாது.

பெற்ற தாய்க்கு ஒரு குழாய்கூடக் கூடாதா என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. அந்த வருத்தம் நியாயம்தான். ஆனால் தெருக்குழாயில் வரிசை நின்ற பெண்கள் வேறு மாதிரி நினைத்திருப்பார்கள்.

1963 அக்டோபர் 2-ந் தேதி, கட்சி வேலைக்காக முதல்-மந்திரி பதவியையும் விட்டார். 1967-ல் சொந்த ஊரிலேயே 1,285 ஓட்டில் தோற்றார். 1975-ல் அதே அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், சென்னையில் காலமானார். 1985-ல் ராமநாதபுரத்தைப் பிரித்தபோது புது ஜில்லாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1997-ல் அது விருதுநகர் மாவட்டம் ஆனது.

காலி நாற்காலிகள்

அவர் போன பிறகு வெம்பக்கோட்டை மாறிவிட்டது. வைப்பாற்றில் அணை வந்தது. அந்தத் தண்ணீர் சிவகாசிக்கும் போகிறது. கரிசல் காட்டில் பட்டாசு ஷெட்டுகள் முளைத்தன. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 40 பேர் அளவுக்குக் கருகிச் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் கொடுப்பது பஞ்சாயத்து அல்ல. சின்ன ஆலை என்றால் மாவட்ட நிர்வாகம், பெரிய ஆலை என்றால் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் துறை. ஆனால் தீயணைப்பு வண்டி ஓடுகிற கிராம ரோட்டில் பள்ளம் விழுந்தால் ஜனங்கள் கேட்பது ஊர்த் தலைவரைத்தான்.

அந்தத் தலைவரே இல்லாமல் போன காலமும் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் 2019 டிசம்பர் வரை பஞ்சாயத்துத் தேர்தல் நடக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகள்தான் கையெழுத்துப் போட்டார்கள். 2025 ஜனவரி 5-ந் தேதி அடுத்த பதவிக்காலம் முடிந்தபோதும், புதுத் தேர்தல் இல்லாமல் பொறுப்பு அதிகாரிகள் கைக்கே போனது.